அபிஜித்துக்குக் கீழே எத்தனை தெரிகிறது?

கண் பார்த்துக் கண்ணாடி எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் லென்ஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இப்போதெல்லாம் மெஷினே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்றும் கேள்விப்படுகிறேன். சந்தோஷம். ஆனால் மெஷினுக்கு முன்னால் வந்து உட்காருகிற மனிதர் அன்றைக்கு இருந்த அதே மனிதர்தான். அவரிடம் "தெரிகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியுது சார்" என்பார். வெறும் சுவரைக் காட்டிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

நம்மவர்களுக்கு இது ஒரு மரியாதை. கேட்கிறவர் மனம் கோணக் கூடாது. கல்யாண வீட்டில் பட்டப்பகலில் வாத்தியார் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதோ?" என்கிறார். கண் கூசும் வெயிலில் மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணாந்து பார்த்து, "தெரியறது" என்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், என் மனைவியும் சொல்லியிருக்கிறாள். குடும்பமே இப்படி ஆரம்பிக்கும்போது கண்ணாடிக் கடையில் மட்டும் நிஜம் பேசிவிடுவார்களா?

இந்த மரியாதையால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோக இருந்த கதையைச் சொல்கிறேன். அதில் நானும் என் முதலாளியும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். குழப்பம் தீர்ந்ததா என்று கேட்டால், பாதி தீர்ந்தது. மீதிப் பாதி இன்னும் என்னிடமே இருக்கிறது.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியவர்களில் பாதிப் பேர் அலுத்துப்போய்த் திரும்பி வந்திருந்தார்கள். விளக்குக் கட்டுப்பாடு மட்டும் அப்படியே இருந்தது. தெருவிளக்குகளுக்கு முக்காடு, ஜன்னல்களுக்குக் கருப்புக் காகிதம். பொழுது சாய்ந்தால் மயிலாப்பூரே இருண்டுவிடும். அதில் ஒரே லாபம், வானம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பட்டணத்தைவிட்டு நகராதவர்கள்கூட மொட்டை மாடிக்குப் போய், அடேயப்பா, இத்தனையா இருக்கிறது என்று வாயைப் பிளந்தார்கள்.

எங்கள் கடை கச்சேரி ரோட்டில் இருந்தது. முதலாளி கண் பார்ப்பதில் கெட்டிக்காரர். பொறுமை மட்டும் அவரிடம் கிடையாது. நான் அவரிடம் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கும் கொஞ்சம் கை பழகியிருந்தது, தலைக்கனமும் வந்திருந்தது.

ஒரு சாயங்காலம் சாந்தோமிலிருந்து ஒரு அம்மாளும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் ரெஜினா. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மாள் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"சார், எம் பொண்ணுக்கு ரெண்டு ரெண்டா தெரியுதாம். எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

ரெஜினாவின் அப்பா அதே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஒருநாள் பீடத்தில் எரிந்த மெழுகுவர்த்தி இரண்டாகத் தெரிகிறது என்றாராம். அப்புறம் படி தவறி விழுந்தார். அப்புறம் படுத்தார். தலைக்குள் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த வருஷ கிறிஸ்துமஸைப் பார்க்க அவர் இல்லை.

"அம்மா, எல்லாம் ரெண்டா தெரியலம்மா," என்றாள் ரெஜினா. "ஒரே ஒரு நட்சத்திரம்தான்."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்ன நட்சத்திரம்?"

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை லூர்து, துறைமுகத்தில் குமாஸ்தா. அவன் வீட்டார் ஒருநாள் சாயங்காலம் வந்து, பேசிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கு ஏற்ற முடியாது, வேறு பொழுதுபோக்கும் இல்லை, எல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். இந்தப் பெண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அந்தப் பெரிய நட்சத்திரத்துக்குக் கீழ ரெட்டையா ஒண்ணு இருக்கு பாருங்க, எவ்ளோ அழகா இருக்கு" என்று காட்டியிருக்கிறாள். அங்கே ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கு மங்கலாக ஒற்றைப் பொட்டுதான் தெரிந்தது. லூர்துவின் அக்கா மெதுவாகக் கேட்டாளாம், "உங்கப்பாவுக்கும் எல்லாம் ரெண்டாத்தானே தெரிஞ்சுது?" என்று.

அதோடு எல்லோரும் மாடியைவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் எல்லோர் முன்னிலையிலும் படிப்பார். முதல் ஓலை வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை. கண் சமாச்சாரம் தெளிவாகிற வரைக்கும் ஓலை வாசிக்க வேண்டாம் என்று அந்த அக்காவிடமிருந்து ஆள் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, சில மாதம் கழித்து வாருங்கள் என்றார்களாம்.

"கல்யாணம் நின்னா நிக்கட்டும் சார்," என்றாள் அம்மாள். "எம் பொண்ணு இருப்பாளா, அதச் சொல்லுங்க."

நானும் முதலாளியும் அவள் கண்ணை மாறி மாறிப் பார்த்தோம். எழுத்து அட்டையின் கடைசி வரியை, அச்சடித்தவன் பெயர் இருக்குமே அதையும் சேர்த்துப் படித்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்று என்றாள். கண்ணுக்குள் பார்த்தால் துளி மாசு இல்லை.

இங்கேதான் குழப்பம் ஆரம்பம். அவள் அப்பாவுக்கு வந்ததுபோல் இரண்டு கண்ணும் ஒத்துப்போகாமல் இரட்டையாகத் தெரிந்தால், ஒரு கண்ணை மூடியதும் இரட்டை போய்விட வேண்டும். இவளோ வலக் கண்ணால் பார்த்தாலும் இரண்டு, இடக் கண்ணால் பார்த்தாலும் இரண்டு என்றாள். சரி, கண்ணுக்குள் கோளாறு என்றால் மெழுகுவர்த்தியும் இரண்டாக அல்லவா தெரிய வேண்டும்? அது ஒன்றாகவே தெரிந்தது. வானத்தில் இத்தனை நட்சத்திரம் இருக்க, ஒன்றே ஒன்றை மட்டும் இரண்டாக்கும் வியாதியை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

முதலாளி என்னைத் தனியே அழைத்துப்போய்க் கிசுகிசுத்தார். "கண்ணுல ஒண்ணுமில்லைடா. அப்பா போன பயம் உள்ளே உக்காந்துண்டிருக்கு. பவர் இல்லாத கண்ணாடியைப் போட்டு, சரியாப் போச்சுன்னு அனுப்பு."

எனக்கும் அது சரி என்றே பட்டது. வெறும் கண்ணாடியை ஃபிரேமில் மாட்டி அவளுக்குப் போட்டுவிட்டோம். அதற்குள் இருட்டிவிட்டதால் எல்லோருமாக மொட்டை மாடிக்குப் போனோம். நிலா இல்லாத வாரம். வடக்கே தலைக்கு மேல் பளிச்சென்று ஒரு நட்சத்திரம். பஞ்சாங்கம் தெரிந்த முதலாளி, "அது அபிஜித்" என்றார். அதற்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக, ரெஜினா காட்டிய பொட்டு இருந்தது. எனக்கு ஒன்றுதான் தெரிந்தது, அதுவும் உற்றுப் பார்த்தால்தான். முதலாளிக்கு ஏதோ புகை மாதிரி இருந்ததாம்.

"இப்போ ஒண்ணாத்தானே தெரியறது?" என்று முதலாளி குழைந்து கேட்டார்.

கேள்வியைக் கவனித்தீர்களா? பதிலையும் அவரே கையில் கொடுத்துவிட்டார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவதுதான். ஆட்டினால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்துவிடுவார்கள். அவள் அம்மாவை ஒருதரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இல்ல சார். ரெண்டுதான்."

அந்த இருட்டில் அம்மாள் அழுவது எங்களுக்குக் கேட்டது. எனக்கு அந்தப் பெண்மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் மறுபடி வந்தார்கள். கூடவே லூர்து. நல்ல பையன், வேர்த்து விறுவிறுத்துப்போய் வந்திருந்தான். அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்று ஆபீஸிலிருந்து நேரே வந்துவிட்டானாம். "நானே பாக்கறேன் சார்," என்று மாடி ஏறினான். ரெஜினா கையை நீட்டிக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உரக்கச் சொன்னான்.

"ஆமா! ரெண்டு இருக்குதே! எனக்கும் ரெண்டாத்தான் தெரியுது!"

ரெஜினாவின் முகம் மலர்ந்ததை அந்த மங்கலிலும் பார்த்தேன். முதலாளி தொடையில் தட்டினார். "முடிஞ்சு போச்சு! ஒருத்திக்குத் தெரிஞ்சா வியாதி. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது ஆகாசத்துலயே இருக்குன்னு அர்த்தம். நம்ம கண்ணுதான் மட்டம்டா." அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே விசில் சத்தம். விளக்குக் கட்டுப்பாட்டைக் கண்காணிக்கும் வார்டன், தொப்பியும் லத்தியுமாக மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"இன்னா அய்யரே, மொட்ட மாடில கூட்டம் போட்டுக்கினு இன்னா பாத்துக்கினு கீறீங்க? ப்ளேன் கீன் வருதா?"

முதலாளி சந்தோஷத்தில் இருந்தார். அவரையும் இழுத்து நிறுத்தி நட்சத்திரத்தைக் காட்டி, "ரெண்டா தெரியறதா பாரும்" என்றார்.

வார்டன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஆமா அய்யரே, ரெண்டா கீது. சோக்கா கீது."

மூன்று பேர். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. வார்டன் முந்தின மாதம்தான் எங்களிடம் கண்ணாடி வாங்கியவர். தூரப் பார்வை அவருக்கு மகா மோசம். அந்தக் கண்ணாடியையும் அன்று போட்டுக்கொண்டு வரவில்லை. நான் அபிஜித்தைக் காட்டினேன். எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிகிற பெரிய நட்சத்திரம்.

"இது ரெண்டா தெரியுதா?"

"இதுவா? இதுவும் ரெண்டாத்தான் கீது நைனா."

"மூணா தெரியுதா?"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "மூணுன்னும் சொல்லலாம்," என்றார் நல்ல மனசோடு.

முதலாளியின் கை தொடையிலேயே நின்றுவிட்டது. நாங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் இத்தனை நேரம் கிடைத்த பதிலின் மதிப்பு அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

கடையில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் படம் போட்டுக் காட்டுவதற்காகச் சிலேட்டுகள் வைத்திருந்தோம். இரண்டைக் கொண்டுவந்து ஒன்றை ரெஜினாவிடமும் ஒன்றை லூர்துவிடமும் கொடுத்தேன். ஆளுக்கொரு மூலையில் நின்று, அந்த இரண்டும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே பொட்டு வைக்கச் சொன்னேன். ரெஜினா உடனே வைத்துவிட்டாள். லூர்து ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். டார்ச்சின்மேல் கைக்குட்டையைப் போர்த்தி, வார்டன் அனுமதியோடு பார்த்தோம். அவள் சிலேட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு பொட்டு. அவன் சிலேட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொட்டு.

ரெஜினா இரண்டு சிலேட்டையும் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியலையா?"

அவன் தன் சிலேட்டில் இருந்த பொட்டுகளைக் கையால் அழித்தான்.

"ஏன் தெரியுதுன்னு சொன்னீங்க?"

"நீ தனியா நிக்கக் கூடாதுன்னுதான்," என்றான்.

அவள் அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ எனக்கு மட்டும்தான் தெரியுது. அப்பா மாதிரியேதான்," என்றாள். முந்தின நாள் அவளுக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. இன்று பயம் போய், நம்பிக்கை வந்து, அதுவும் போய்விட்டது. அந்தப் பையன் நல்லது செய்வதாக நினைத்து அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் எனக்கு காதர் பாயின் பைனாகுலர் நினைவுக்கு வந்தது.

காதர் பாய் ராயப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்தவர். கிண்டி ரேஸ் என்றால் உயிர். கையிலிருந்த பைனாகுலரைக் கீழே போட்டுவிட்டு, "ஒரு குதிரை ஓடுனா ரெண்டு குதிரை ஓடுது, எது மேல கட்டுறதுன்னே தெரியலை" என்று எங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். உள்ளே ஒரு பக்கத்துக் கண்ணாடி நகர்ந்து, இரண்டு குழலும் ஒரே பொருளை வேறு வேறு இடத்தில் காட்டின. அதைச் சரிசெய்ய எங்களுக்குக் கை வராது. ஆனால் வேலை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது. அதனால் அது பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்னதும் முதலாளி கத்தினார். "உனக்கென்ன புத்தி பேதலிச்சுடுத்தா? எல்லாத்தையும் ரெண்டா காட்டறதுன்னுதான் அது ரிப்பேருக்கே வந்திருக்கு! அதை வச்சுண்டு ஒண்ணா ரெண்டான்னு பாக்கப் போறியா?"

நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட்டால் கடையில் தூரத்தைக் கிட்டே காட்டுகிற சாமான் வேறு கிடையாது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். வார்டன் பைனாகுலரைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டார். "யுத்த டைம்ல இதெல்லாம் வச்சுக்கினு மேல நிக்கக் கூடாது நைனா. எவனாவது பாத்தா ஜப்பான்காரனுக்குச் சிக்னல் குடுக்கறீங்கன்னு எம் மேலதான் வருவான்." ஒரு நிமிஷம் என்று கெஞ்சி, முதலாளி கையில் கொடுத்தேன்.

அவர் முதலில் அபிஜித்தைப் பார்த்தார். "ரெண்டு," என்றார் வெறுப்போடு. "நான் சொன்னேனோல்லியோ?" பிறகு மெதுவாகக் கீழே வலப்பக்கம் இறக்கினார். நின்றார். பைனாகுலரை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். உதடு அசைந்தது.

"டேய்," என்றார். "இங்கே நாலு இருக்குடா."

"என்ன சார்?"

"நாலு! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஈச்வரா, இதென்ன கண்றாவி!"

அவர் முழி பிதுங்கி நின்றார். எனக்கும் ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. ஒன்றா இரண்டா என்று பார்க்க ஏறினால் நான்கு என்கிறது. பிறகு புரிந்தது. ஒன்றை இரண்டாக்குகிற கண்ணாடி அது. ஒன்றாக இருக்கிற அபிஜித்தை இரண்டாகக் காட்டியது. கீழே இருந்ததை நான்காகக் காட்டுகிறது என்றால், அது இரண்டாக இருந்தால்தானே முடியும்?

ஒரு குழலைக் கையால் மூடினால் தீர்ந்தது, இதற்கு ஏன் இத்தனை கூத்து என்று உங்களில் கெட்டிக்காரர் யாரோ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுகிறபோது, வார்டன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறபோது, அது இரண்டு கண்ணாடிக் கடைக்காரர்களுக்கும் முதலில் தோன்றவில்லை. அப்புறம்தான் மூடிப் பார்த்தேன். அபிஜித் ஒன்று. கீழே இரண்டு, ஒன்றின்கீழ் ஒன்றாக, அவள் சிலேட்டில் இருந்ததுபோலவே.

"அம்மா, எழுந்திரு," என்று ரெஜினாவிடம் சொன்னேன். "உனக்கு ஒண்ணுமில்லை. அது ரெண்டேதான். உன் கண்ணுக்குத்தான் தெரியுது, எங்களுக்கு இது வேண்டியிருக்கு."

அவளுடைய அம்மா பார்த்தாள், லூர்து பார்த்தான், வார்டனும் பார்த்தார். இந்தமுறை யாரிடமும் நான் "தெரிகிறதா" என்று கேட்கவில்லை. என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அம்மாள் இரண்டு என்றாள், எப்படி இருக்கின்றன என்பதையும் விரலால் காட்டினாள். வார்டன், "ஒண்ணுமே தெரியல நைனா, கண்ணாடிய வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மாள் மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை. முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாடியைவிட்டு இறங்கும்போது லூர்து, "அக்காகிட்ட சொல்லிடறேன், ஞாயித்துக்கெழமை ஓலை வாசிச்சிடலாம்" என்றான். ரெஜினா படியில் நின்றாள்.

"இந்த ஞாயிறு வேணாம்," என்றாள். "நான் கொஞ்சம் யோசிக்கணும்."

"நான் உனக்காகத்தானே சொன்னேன்?"

"தெரியும். அதனாலதான் பயமா இருக்கு. நாளைக்கு எனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும்னா நீங்கதானே பக்கத்துல இருந்து சொல்லணும்? நெசமா சொல்றீங்களா, என்னை அழ வைக்கக் கூடாதுன்னு சொல்றீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. அவன் சொன்னது பொய்தான். ஆனால் ஊரே அவள் பக்கத்திலிருந்து விலகியபோது ஓடிவந்து நின்றவனும் அவன் ஒருவன்தானே. முதலாளி அவன் கட்சி. "ஆம்படையாள் மனசு நோகாம இருக்க ஆயிரம் சொல்லுவோம், அதையெல்லாம் சிலேட்டுல போட்டுப் பாத்தா எந்த ஆத்துல அடுப்பு எரியும்?" என்று மறுநாள் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், கல்யாணத்தன்று அருந்ததி தெரிந்ததா என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சுதே, அதான் எனக்கும் தெரிஞ்சுதுன்னு சொன்னேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை.

இடையில் இன்னொரு கூத்து. எங்களிடம் கண்ணாடி வாங்கும் ஒரு காலேஜ் வாத்தியார் வந்திருந்தார். வானசாஸ்திரம் படித்தவர். முதலாளி பெருமையாக அவரிடம் கதையைச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, "அது ரெட்டை நட்சத்திரம்தான், கூர்மையான கண்ணுக்குப் பிரிஞ்சு தெரியும். ஆனா பெரிய டெலஸ்கோப்புல பாத்தா அந்த ரெண்டுல ஒவ்வொண்ணும் மறுபடி ரெண்டு. ஜோடி ஜோடியா ஒண்ணையொண்ணு சுத்திண்டிருக்கு. மொத்தம் நாலு" என்றார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அப்போ அந்தக் கெட்டுப்போன பைனாகுலர் சொன்னதுதான் சரியா?" என்று கேட்டார். எனக்கு ஒன்று, ரெஜினாவுக்கு இரண்டு, வாத்தியாருக்கு நான்கு. கோளாறான கண்ணாடியும் நான்கு என்றது, ஆனால் தப்பான காரணத்துக்காக. இதில் யார் கண் நல்ல கண்? இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன், இந்தக் கேள்விக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். நாற்காலியில் உட்காருகிறவரிடம் "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள். "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்தக் காத்திருப்பைத்தான் எந்த மெஷினும் உங்களுக்காகச் செய்யாது.

லூர்து என்ன ஆனான் என்று சொல்லிவிடுகிறேன். ஓலை வாசிக்காத அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டதும் எங்கள் கடைக்கு வந்தான். நேரே மாடிக்குப் போவான். கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்ப்பான். இறங்கி வந்து, "தெரியல சார்" என்று சொல்லிவிட்டுப் போவான். பைனாகுலரை நீட்டினால் வாங்கமாட்டான். பாவம், வெறும் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். எப்படியாவது தெரிந்துவிட்டால் தான் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடுமே.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் மாடியில் இருந்தபோது ரெஜினாவும் அம்மாளும் வந்தார்கள். போட்ட வெறும் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தோம் என்றாள் அம்மாள். லூர்து மேலே இருப்பதைச் சொன்னேன். ரெஜினா படி ஏறினாள். நாங்களும் பின்னால் போனோம், போகாமல் இருக்க முடியுமா?

அவன் அண்ணாந்தபடி நின்றிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். தெரிகிறதா என்று அவள் கேட்கவில்லை.

"எத்தனை?" என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், கையைக் குவித்து வைத்துக்கொண்டு பார்த்தான். இரண்டு என்று ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"ஒண்ணு," என்றான். "எவ்ளோ பாத்தாலும் எனக்கு ஒண்ணுதான் ரெஜினா."

அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்லும்மா."